லூயி பாஸ்டர்: விலங்கின் நோயில் மனிதனைக் கண்டவர்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில், யூரா மலைத்தொடரின் அடிவாரத்தில், ஆர்புவா என்னும் சிற்றூர் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். 1831ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் அவ்வூரை அடுத்த காடுகளிலிருந்து விசர் பிடித்த ஓநாயொன்று இறங்கி வந்து, எதிர்ப்பட்ட மனிதரையும் மிருகங்களையும் கடித்துக் குதறிற்று. கடியுண்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டு ஓடினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் காயத்தைச் சுடுவதே அக்காலத்து வைத்தியம். அப்படிச் சுட்ட பின்னரும் அச்சுற்றுவட்டாரத்தில் பலர் பிழைக்கவில்லை. நாட்கள் சில கழிந்ததும் காய்ச்சல் கண்டு, தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகி, துடித்து மாண்டார்கள். அந்தப் பட்டறையருகே நின்று, சூடுபட்ட மனிதனின் அலறலைக் கேட்டவர்களுள் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் எட்டு வயது மகனும் ஒருவன்.

அச்சிறுவனே லூயி பாஸ்டர். 1822ஆம் ஆண்டு மார்கழி 27ஆம் திகதி டோல் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் ஜோன் ஜோசேப், நெப்போலியனின் படையிற் சார்ஜனாக இருந்து திரும்பியவர். அதிகம் படியாதவர்; மகன் படித்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியனாக வந்தாற் போதும் என்பதே அவருடைய ஆசை. மகனோ பள்ளியில் மெதுவாகவே கற்றான். படம் வரைவதில் மட்டும் ஊரார் மெச்சும்படி கைவண்ணம் இருந்தது. பின்னர் திஜோன் நகரிற் சோதனை எழுதியபோது, இரசாயனத்தில் இவர் நடுத்தரம் என்றே பரீட்சகர்கள் மதிப்பிட்டார்கள். பிள்ளைகளின் புள்ளிகளை வைத்துக்கொண்டு கலங்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

பரிஸ் மாநகரில் உயர்கல்வி முடித்து, 1848இல் பளிங்குகளைப் பற்றிய ஆராய்ச்சியால் இளமையிலேயே பெயரெடுத்தார். அடுத்த ஆண்டு மரி லோரான் என்னும் பெண்மணியை மணந்தார். கணவர் சொல்லச் சொல்லக் கட்டுரைகளை எழுதியும், அவருடைய சிந்தனையைக் குலைக்காமல் வீட்டைக் காத்தும், நாற்பத்தாறு ஆண்டுகள் உடனிருந்தவர் அவர். பாலும் வைனும் புளிப்பதும் பழுதடைவதும் நுண்ணுயிர்களால் என்பதையும், உயிரில்லாத பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றுவதில்லை என்பதையும் பாஸ்டர் நிறுவிய வரலாற்றைப் பாடப்புத்தகங்களிற் காணலாம். நாம் இங்கு சொல்ல வந்தது வேறு. வைத்தியப் பட்டம் பெறாத இந்த இரசாயனவியலாளர், புழுவிலும் கோழியிலும் செம்மறியிலும் நாயிலும் பாடம் கேட்டுக் கேட்டு, இறுதியில் ஒரு மனிதப் பிள்ளையின் உயிரைக் கையில் ஏந்தி நின்ற கதையே அது.

அந்தப் பாதை துயரத்தினூடே தொடங்கிற்று. ஐந்து பிள்ளைகளுள் மூவரை அவர் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தார். மூத்த மகள் 1859இல் நெருப்புக்காய்ச்சலால் இறந்தாள். 1865இல் தந்தையாரும், அதே ஆண்டில் இரண்டு வயதுச் சிறுமகளும் போயினர். மறு ஆண்டு இன்னொரு மகளும் நெருப்புக்காய்ச்சலுக்கே இரையானாள். இக்காலத்திலேயே தென் பிரான்சிற் பட்டுப்புழுக்கள் கூட்டங்கூட்டமாக மாள, அரசாங்கம் இவரை அலேஸ் என்னும் இடத்துக்கு அனுப்பிற்று. பட்டுப்புழுவை அதற்கு முன் கையாற் தொட்டும் அறியாதவர். நோயுற்ற அந்துப்பூச்சியின் முட்டையிலிருந்தே நோய் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது என்று கண்டு, நுணுக்குக்காட்டியாற் பார்த்து நல்ல முட்டைகளைத் தெரிந்தெடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தார். ஆராய்ச்சி முடியுமுன்பே, 1868ஆம் ஆண்டு ஐப்பசியில் பாரிசவாதம் தாக்கி இடப்பக்கம் விழுந்துவிட்டது. வயது நாற்பத்தைந்து. அதன்பின் எஞ்சிய இருபத்தேழு ஆண்டுகளும் இடக்காலை இழுத்தே நடந்தார். நுட்பமான கைவேலைகளைப் பெரும்பாலும் உதவியாளர்களே செய்யவேண்டியதாயிற்று. உலகம் இன்று எவற்றுக்காக அவரைப் போற்றுகிறதோ அவற்றுட் பெரியவை எல்லாம் இந்த ஊனத்துக்குப் பின் நிகழ்ந்தவை.

1879இல் கோழிகளைக் கொல்லும் ஒருவகைக் கொள்ளைநோயின் கிருமியை வளர்த்துப் பார்த்தார். நாட்பட்டு வலுக்குன்றிய கிருமியை ஏற்றிய கோழிகள் சோர்ந்து பின் தேறின. அவற்றுக்குப் புதிய, கொல்லும் கிருமியை ஏற்றியபோதும் அவை சாகவில்லை. விடுமுறைக்குப் போனவர் மறந்துவிட்டுப் போன குடுவையால் வந்த அதிர்ஷ்டம் என்று இதைக் கதையாகச் சொல்வார்கள். ஆய்வுக் குறிப்புகளைப் பார்த்தால், அது பல மாதங்கள் திரும்பத் திரும்பச் செய்த வேலை என்பது தெரிகிறது. இங்கிலாந்தில் ஜென்னர் பசுவின் அம்மைப்பாலைக் கொண்டு மனிதரைப் பெரியம்மையினின்று காத்தது 1796இல். ஆனால் அது இயற்கை தந்த பால். கொல்லும் கிருமியையே மனிதன் ஆய்வுகூடத்திற் பழக்கி, காக்கும் கிருமியாக மாற்றலாம் என்பது பாஸ்டரின் கோழிகள் சொன்ன புதுச் செய்தி.

அடுத்தது அந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய். மாடும் செம்மறியும் மேய்ந்துகொண்டு நிற்கையிலேயே விழுந்து சாகும், இரத்தம் கறுத்திருக்கும். இடையர், இறைச்சி வெட்டுவோர், கம்பளி தரம் பிரிப்போர், தோல் பதனிடுவோர் ஆகியோருக்கும் அது தொற்றும். பாஸ்டரின் தந்தையார் செய்த தொழிலும் அதுவே என்பதை நினைவிற் கொள்க. இந்நோயின் கிருமி எவ்வாறு வளர்ந்து வித்துகளாக மாறி மண்ணிற் கிடக்கிறது என்பதை ஜேர்மனியில் ரொபேட் கொக் என்னும் வைத்தியர் 1876இல் தெளிவாகக் காட்டியிருந்தார். பிரான்சிலோ சில வயல்களைச் சபிக்கப்பட்ட வயல்கள் என்றே உழவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கு மேயும் ஆடுகள் ஆண்டுதோறும் செத்தன. பாஸ்டர் அவ்வயல்களில் நடந்து பார்த்தார். செத்த ஆடுகளைப் புதைத்த இடத்தில் மண்ணின் நிறம் வேறுபட்டிருந்தது. மண்புழுக்கள் வெளித்தள்ளிய மண் அது. புதைத்த பிணத்திலிருந்து நோயின் வித்துகளை மண்புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்று அவர் கண்டார். சாபம் என்று அஞ்சியிருந்த உழவரிடம், செத்த ஆட்டை மேய்ச்சல் நிலத்திற் புதைக்காதீர்கள் என்று சொல்ல ஒருவர் வந்தார்.

1881ஆம் ஆண்டு வைகாசி மாதம் மெலான் நகருக்கு அருகே பூயி-ல-போர் என்னும் பண்ணையில், மிருக வைத்தியர்களின் அறைகூவலை ஏற்று, ஊரறிய ஒரு சோதனை நடத்தினார். 24 செம்மறிகளுக்கும் ஓர் ஆட்டுக்கும் சில மாடுகளுக்கும் இருமுறை தடுப்பூசி ஏற்றினார்கள். அதே எண்ணிக்கையான செம்மறிகள் ஊசியின்றி விடப்பட்டன. மாத இறுதியில் எல்லாவற்றுக்கும் கொல்லும் கிருமி ஏற்றப்பட்டது. ஆனி 2ஆம் திகதி பத்திரிகையாளரும் உழவரும் அதிகாரிகளும் திரண்டு வந்து பார்த்தபோது, ஊசி போடாத செம்மறிகளும் ஆடும் செத்துக் கிடந்தன, அல்லது கண்முன்னே விழுந்து கொண்டிருந்தன. ஊசி போட்டவை நின்று மேய்ந்தன. பிரான்சு முழுவதும் ஆரவாரித்தது.

இவ்விடத்திற் கசப்பான ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளை அவர் குடும்பத்தார் நெடுங்காலம் வெளியே விடவில்லை. பேரனார் 1964இல் அவற்றைப் பரிஸ் தேசிய நூலகத்துக்குக் கையளித்தார். அவற்றை ஆராய்ந்தபோது, ஒட்சிசனால் வலுக்குறைத்த கிருமி என்று உலகம் நம்பிய அந்தத் தடுப்பூசி, உண்மையில் அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கொண்டு தயாரித்தது என்று தெரிந்தது. இரசாயனப் பொருளைக் கொண்டு தடுப்பூசி செய்யும் வழியில் முன்னே போனவர் துலூஸ் நகரத்து மிருக வைத்தியர் துசான். அவருக்குரிய மதிப்பு அன்று கிடைக்கவில்லை. நோயுற்று 1890இல் 43 வயதில் மறைந்தார். பெரியவர் செய்தார் என்பதற்காக இதை மறைப்பது முறையாகாது. ஊசி பலித்தது உண்மை. அது எப்படிச் செய்யப்பட்டது என்று உலகத்துக்கு அவர் மனந்திறந்து சொல்லவில்லை என்பதும் உண்மை.

இனி விசர்நாய்க்கடி நோய்க்கு வருவோம். பிரான்சில் இந்நோயால் இறந்தோர் தொகை மற்ற நோய்களோடு ஒப்பிடும்போது சிறியதே. ஆனால் அதைப்போல் மனிதரை அச்சுறுத்திய நோய் வேறில்லை. 1880ஆம் ஆண்டு மார்கழியில் பூரெல் என்னும் மிருக வைத்தியர் இரண்டு விசர் நாய்களை அனுப்பி வைத்தார். ஆராய்ச்சி தொடங்கிற்று. நுணுக்குக்காட்டியில் எதுவும் தெரியவில்லை. ஏனெனில் இது வைரசு, அக்காலக் கருவிகளுக்கு எட்டாதது. கண்ணுக்குத் தெரியாத பகைவனோடு போராடத் துணிந்தார்கள். உதவியாளர் இருவர் விசர் பிடித்த நாயொன்றை மேசையிற் கட்டிப் பிடித்திருக்க, பாஸ்டர் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து, அதன் கடைவாயிலிருந்து உமிழ்நீரை உறிஞ்சி எடுத்தார்.

உமிழ்நீரை ஏற்றினால் நோய் எப்போது வரும் என்று சொல்ல முடியாதிருந்தது. நோயின் இருப்பிடம் மூளையும் முண்ணாணும் என்று கண்டபின், நேரே மூளையில் ஏற்றிப் பார்க்கலாம் என்றார் எமில் ரூ என்னும் இளம் வைத்தியர். மண்டையோட்டைத் துளைப்பதற்கு பாஸ்டருக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாத வேளையில் ரூ அதைச் செய்து முடித்தார். மறுநாள் அந்த நாய் வாலையாட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் பாஸ்டருக்கு மூச்சு வந்ததாம். முயல்களுக்கு இந்நோயைத் தொற்றச் செய்யலாம் என்பதை லியோன் நகர மிருக வைத்தியர் கால்தியே 1879இலேயே காட்டியிருந்தார். முயலிலிருந்து முயலுக்கு மாற்றி மாற்றி ஏற்றியதில், ஏறக்குறைய ஏழு நாளிற் தவறாமற் கொல்லும் நிலையான நஞ்சு கிடைத்தது. அம்முயல்களின் முண்ணாணை எடுத்து, அடியிற் பொட்டாசு இட்ட குடுவையிற் தொங்கவிட்டு உலரவிட்டால், நாளுக்கு நாள் அதன் வலுக் குறைந்து, பதினான்கு நாளில் அநேகமாக இல்லாமற் போயிற்று. உலர்ந்ததில் தொடங்கிப் படிப்படியாகப் புதியதை ஏற்றிவந்தால் நாயைக் காக்கலாம். மனிதரின் நிலை என்ன? கடிபட்டபின் நோய் வெளிப்பட வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். அந்த இடைவெளியில் தடுப்பு முந்திக்கொள்ளுமா? இதுவே அவருடைய கேள்வி.

1885ஆம் ஆண்டு ஆடி 6ஆம் திகதி திங்கட்கிழமை கேள்வி வாசலில் வந்து நின்றது. அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் தன் ஒன்பது வயது மகன் ஜோசேப் மைஸ்டரோடு வந்திருந்தார். இரண்டு நாளுக்கு முன் நாயொன்று அவனைக் கீழே தள்ளிப் பதினான்கு இடங்களிற் கடித்திருந்தது. நடக்கவே முடியாத நிலை.

இன்று ஊசி போடுவது நமக்கு எளிதான காரியமாகத் தோன்றலாம். அன்று அவர்முன் இருந்த தராசை நினைத்துப் பார்க்கவேண்டும். விசர் நாய் கடித்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை; வந்தாலோ மரணம் நிச்சயம். ஆகவே இச்சிறுவன் ஒன்றும் செய்யாமலே பிழைக்கவும் கூடும். ஊசி ஏற்றினால், வரிசையில் இறுதி ஊசி முழு நஞ்சுள்ளது. அவன் இறந்தால், நாய் கொன்றதா, பாஸ்டர் கொன்றாரா என்று எவராலும் சொல்ல முடியாது. அதே முறையை நாய்களிற் சோதிக்கும் வேலையும் அப்போது முடிந்திருக்கவில்லை என்பதைக் குறிப்பேடுகள் காட்டுகின்றன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நோய் கண்ட இருவருக்கு அவர் ஊசி முயன்றிருந்தார். அவர்களுள் ஒரு சிறுமி இறந்துவிட்டாள். இதனை அவர் அப்போது வெளியிடவில்லை. ரூ இச்சிகிச்சையிற் பங்குகொள்ள விரும்பாமல் விலகி நின்றார்.

வுல்பியான், கிராங்ஷே என்னும் இரு வைத்தியர்கள் வந்து பிள்ளையைப் பார்த்தார்கள். இத்தனை கடிக்குப் பின் அவன் தப்புவது அரிது என்பது அவர்கள் முடிவு. சட்டப்படி ஊசி ஏற்ற உரிமையில்லாத பாஸ்டர் அருகில் நிற்க, கிராங்ஷே அன்று மாலையே முதல் ஊசியை வயிற்றுத் தோலின் கீழ் ஏற்றினார். பதினொரு நாட்களிற் பதின்மூன்று ஊசிகள். பிள்ளை பகலில் ஆய்வுகூடத்துக் கோழிகளோடும் முயல்களோடும் விளையாடித் திரிந்தான். இரவில் அவன் உறங்கினான், முதியவர் உறங்கவில்லை. ஊசியின் வலு ஏற ஏற, அச்சிறுவன் மூச்சுத்திணறிச் சாவதாகக் கனவு கண்டு திடுக்கிட்டு எழுவார். ஆடி 16இல் கடைசி ஊசி. மைஸ்டருக்கு நோய் வரவேயில்லை.

எம் நாட்டில் முந்திய தலைமுறையினர், நாய் கடித்தால் வயிற்றிற் போடப்பட்ட ஊசிகளை மறந்திருக்க மாட்டார்கள். அவையும் இந்த முறையின் வழிவந்தவையே. இன்று கையிற் சில ஊசிகள் போதும். ஆயினும் கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரிற் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போகாமல், பச்சிலை கட்டியும் மந்திரித்தும் நாளைக் கடத்துவோர் இன்னும் இருக்கிறார்கள். நோய் வெளிப்பட்டபின் 1885இல் எப்படியோ, இன்றும் ஏறக்குறைய அப்படித்தான்.

அதே ஆண்டு ஐப்பசியில் பாஸ்டரின் சொந்த மண்ணாகிய யூராவிலிருந்து ஜூப்பில் என்னும் 15 வயது இடையன் வந்தான். தன்னோடு நின்ற சிறு பிள்ளைகளைக் காப்பதற்காக விசர் நாயை எதிர்த்துப் போராடி, சவுக்கால் அதன் வாயைக் கட்டி, மரச்செருப்பால் அடித்துக் கொன்றவன் அவன். கைகளெல்லாம் கடி. அவனும் பிழைத்தான். அந்தப் போராட்டத்தின் சிலை பரிசில் பாஸ்டர் நிலையத்தில் நிற்கிறது.

கார்த்திகை 9ஆம் திகதி லூயிஸ் பெல்தியே என்னும் பத்து வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தார்கள். கடிபட்டு 37 நாட்கள் கழிந்துவிட்டன, கடி தலையில். தாமதித்துவிட்டது என்று பாஸ்டருக்குத் தெரியும். இவள் இறந்தால் எதிரிகள் ஊசியைத்தான் குற்றஞ்சொல்வார்கள், அதனால் வேறு நோயாளிகள் வர அஞ்சுவார்கள் என்பதும் தெரியும். புகழைக் காக்க நினைத்திருந்தால் மறுத்திருக்கலாம். பெற்றோரின் கண்ணீரைப் பார்த்து அவர் மறுக்கவில்லை. மார்கழித் தொடக்கத்தில் நோய் வெளிப்பட்டது. பாஸ்டர் அவளுடைய கட்டிலருகே கையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். எழுந்து வெளியே வந்தபோது படிக்கட்டில் நின்று அழுதார். ஆட்டு மந்தையின் முன் வெற்றிகொண்டாடிய பாஸ்டரைக் காட்டிலும் இந்தப் பாஸ்டரே என் மனதுக்கு நெருக்கமானவர்.

1886 பங்குனி 1ஆம் திகதி அவர் விஞ்ஞானக் கழகத்தில் அறிக்கை தந்தபோது சிகிச்சை பெற்றோர் 350 பேர். இறந்தவள் லூயிஸ் ஒருத்தியே. அம்மாதமே ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியிலிருந்து விசர் ஓநாய் கடித்த 19 பேர் வந்து சேர்ந்தார்கள். சிறுவயதில் ஆர்புவாவிற் கண்ட அதே கொடுமை. மூவர் இறந்தார்கள், பதினாறு பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள். எதிர்ப்பு ஓயவில்லை. ஊசியே நோயைத் தருகிறது என்று பரிஸ் வைத்திய சபையிற் குற்றஞ்சாட்டினார்கள். இங்கிலாந்து அனுப்பிய ஆராய்ச்சிக் குழு, தானே சோதித்துப் பார்த்து, 1887இல் அவருடைய முறை சரியென்று அறிவித்தது. மக்கள் தந்த இருபது இலட்சம் பிராங்குக்கு மேற்பட்ட பணத்தில் எழுந்த பாஸ்டர் நிலையம் 1888 கார்த்திகை 14இல் திறக்கப்பட்டது. உரையைத் தாமே வாசிக்க அவருக்குக் குரல் எழவில்லை, மகன் வாசித்தார்.

பாஸ்டரின் விசுவாசத்தைப் பற்றிக் கத்தோலிக்கராகிய நாம் பல கதைகள் கேட்டிருக்கிறோம். புகையிரதத்திற் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த முதியவரை ஒரு மாணவன் எள்ளிய கதை பிரசங்கங்களில் அடிக்கடி வரும். அதற்கு ஆதாரம் எதுவுமில்லை. நாட்டுப்புறப் பெண்ணின் விசுவாசத்தோடு தம் விசுவாசத்தை ஒப்பிட்டு அவர் கூறியதாக வழங்கும் வாக்கும் அவருடையதல்ல என்று அவருடைய குடும்ப வழியினரே எழுதியுள்ளனர். நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவே: 1882இல் பிரெஞ்சு இலக்கியக் கழகத்தில் இடம் பெற்ற நாளில், கண்டதே உலகம் என்ற கொள்கையை வெளிப்படையாக மறுத்து, முடிவற்ற பரம்பொருளைப் பற்றிப் பேசினார். 1895ஆம் ஆண்டு புரட்டாதி 28ஆம் திகதி, பரிசுக்கு அண்மையில், ஒரு கை மனைவியின் கையிலும் மறுகை பாடுபட்ட சுருபத்திலும் இருக்க உயிர் நீத்தார். நோத்ர்தாம் பேராலயத்தில் அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அந்த நாளே இன்று உலக விசர்நாய்க்கடி நோய் நாளாக அனுசரிக்கப்படுகிறது.

அவருடைய உடல் பாஸ்டர் நிலையத்தின் கீழே சிற்றாலயம் போன்ற கல்லறையில் இருக்கிறது. மேல்விதானத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம், விஞ்ஞானம் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சம்மனசுகள். சுவர்களிற் பதித்த நிறக்கற்களில் செம்மறிகள், மாடுகள், கோழிகள், நாய்கள், முயல்கள், பட்டுப்புழுக்கள். 1910இல் மரி அம்மையாரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஜோசேப் மைஸ்டர் வளர்ந்து பெரியவனாகி, அந்நிலையத்தின் வாயிற்காவலராகி, 1940இல் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார்.